ஒன்பது மாதத்தில் கண்காட்சி கேட்காதீர்கள்: புகைப்பட நல்கைக் குழுவினருக்குத் திறந்த மடல்

நல்கைக் குழுவினருக்கும் அறக்கட்டளை நிர்வாகிகளுக்கும்,

பத்துப் பதினைந்து ஆண்டுகள் தொழிலில் நின்ற புகைப்படக் கலைஞர் ஒருவர் புதிய பணியைத் தொடங்குவதற்கென்று நீங்கள் தரும் ஃபெல்லோஷிப் நல்கையின் விதிகளை இந்தச் சுற்றில் மாற்றியிருக்கிறீர்கள். காலம் 18 மாதத்திலிருந்து 9 மாதமாகக் குறைந்திருக்கிறது. ஒன்பதாம் மாத முடிவில் 25 படங்களோடு கண்காட்சி கட்டாயம். தொகையில் 40 விழுக்காடு கண்காட்சி முடிந்த பிறகுதான் கைக்கு வரும். கருவி, பயணம், அச்சு என்ற மூன்று தலைப்புகளில் மட்டுமே செலவு ஏற்கப்படும். விண்ணப்பத்தோடு கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் எடுத்த 20 படங்கள் வேண்டும். வயது 45-ஐத் தாண்டக் கூடாது. நல்கைக் காலத்தில் எடுத்த எல்லாப் படங்களின் முழு அளவுக் கோப்புகளையும் ஒப்படைத்து, காலவரையற்ற பயன்பாட்டு உரிமையையும் எழுதித் தர வேண்டும்.

இந்த விதிகளை எங்களால் ஏற்க முடியவில்லை. படம் எடுப்பவர்கள், நெகட்டிவ் ஸ்கேன் செய்பவர்கள், பிரிண்ட் போடுபவர்கள், படங்களை அடுக்கித் தொகுப்பவர்கள் என இந்த வேலையின் வெவ்வேறு முனைகளில் இருக்கும் நாங்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஷட்டர் திறந்து மூடும் நேரம் இந்தப் பணியில் மிகச் சிறியது. அதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது, எதற்கு எத்தனை நாள் பிடிக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால், ஒன்பது என்ற எண் உங்கள் அறிவிப்பில் வந்திருக்காது.

தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகத் தொழிலுக்கு வருபவருக்குக் கை பழகியிருக்காது. தொழிலின் நடுக்காலத்தில் இருக்கும் கலைஞருக்குச் சிக்கலே கை பழகிப்போனதுதான். எந்த வெளிச்சத்தில் எங்கே நிற்க வேண்டும், எந்த லென்ஸில் ஆளை எங்கே வைக்க வேண்டும் என்று யோசிப்பதற்கு முன்பே கை செய்துவிடும். அதனால் புதிய பணியின் முதல் முப்பது நாற்பது ரோல்கள் பழைய பணியின் தொடர்ச்சியாகவே வந்து விழும். ஒரு ரோலின் எல்லா ஃபிரேம்களையும் சிறிதாக ஒரே தாளில் காட்டும் காண்டாக்ட் ஷீட்டைப் பார்க்கும்போதுதான் அது தெரியும். அதிலிருந்து விடுபட சிலர் லென்ஸை மாற்றுவார்கள், சிலர் கையில் பிடித்த கேமராவை விட்டு ஸ்டாண்டுக்குப் போவார்கள், சிலர் வண்ணத்தை விட்டுக் கறுப்பு வெள்ளைக்கு வருவார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் வீணாகும் ஃபிலிமும் வாரங்களும் உண்டு. மனிதர்களைப் படமெடுக்கும் பணி என்றால் எதிரில் இருப்பவர்களுக்கும் காலம் வேண்டும். முதல் சில வாரங்கள் அவர்கள் கேமராவுக்காக நிற்பார்கள். அதன் பிறகுதான் தங்கள் வேலையைப் பார்க்கத் தொடங்குவார்கள். இரண்டரை மாதம் இதற்கே போகும். அந்தப் படங்களில் ஒன்றிரண்டு தேறினால் நல்லது.

பருவத்தோடு கட்டுண்ட பணிகள் வேறு கதை. ஓர் ஆற்றங்கரையை நீர் வற்றியபோதும் பெருகியபோதும் ஒரே இடத்தில் நின்று எடுக்க வேண்டுமானால் ஒரு முழு ஆண்டு வேண்டும். பெருகிய நாளில் ஷட்டர் மக்கர் செய்தாலோ, எக்ஸ்போஷர் தப்பினாலோ அடுத்த ஆண்டுதான். ஒன்பது மாதத்தில் ஒரு சுற்றுகூட முடியாது.

இனி எடுத்த பிறகு நடப்பது. 120 எனப்படும் அகல ஃபிலிமில் 6×7 சென்டிமீட்டர் அளவு கேமரா என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரோலுக்கு 10 ஃபிரேம். பதினைந்து நாளைக்குப் பத்து ரோல் வீதம் ஆறு மாதத்தில் 120 ரோல், 1,200 ஃபிரேம். இது மிகையான கணக்கு அல்ல, நிதானமாக எடுப்பவரின் கணக்கு. கழுவிய ரோலை வெட்டி, தூசி தட்டி, ஹோல்டரில் வளையாமல் வைத்து, பார்வைக்காகச் சிறு அளவில் ஸ்கேன் செய்ய முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். 120 ரோலுக்கு 90 முதல் 120 மணி நேரம். வேறு எதுவும் செய்யாமல் உட்கார்ந்தால் மூன்று வாரம். இவற்றிலிருந்து தேறும் நாற்பது படங்களை 3,200 டிபிஐயில் (அங்குலத்துக்கு அத்தனை புள்ளி) மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7,000 × 8,800 பிக்சல் வரும். 16 பிட் வண்ணத்தில் ஒரு கோப்பு 370 மெகாபைட் அளவு. அந்த அளவில் நெகட்டிவில் உள்ள ஒவ்வொரு தூசியும் கீறலும் திரையில் எழுந்து நிற்கும். ஒரு படத்தைச் சுத்தம் செய்து வண்ணம் சரிசெய்ய ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம். ஹோல்டரில் ஃபிலிம் சற்றே வளைந்திருந்தாலும் நடுவில் கூர்மையும் ஓரத்தில் மங்கலுமாக வரும். அப்போது மீண்டும் முதலிலிருந்து.

டிஜிட்டலில் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். 45 மெகாபிக்சல் கேமராவில் ஒரு நாளைக்கு 500 படம், அறுபது நாள் என்றால் 30,000 கோப்புகள். கேமரா பதிவுசெய்யும் மூலக் கோப்பான ரா கோப்பு ஒன்று 50 மெகாபைட் என்று கொண்டால் 1.5 டெராபைட். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒரு பிரதி வேறு இடத்தில் என்ற பாதுகாப்பு விதியைக் கடைப்பிடித்தால் 4.5 டெராபைட் சேமிப்பு வேண்டும். ஒரு படத்துக்கு மூன்று நொடி வீதம் பார்த்தாலே முதல் வடிகட்டலுக்கு 25 மணி நேரம். அதில் மிஞ்சும் 3,000 படங்களில்தான் உண்மையான தேர்வு தொடங்கும். இந்த ஹார்டு டிஸ்குகளை உங்கள் மூன்று தலைப்புகளில் எதில் எழுதுவது?

தேர்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அட்டவணையில் அதற்கு ஒரு வாரம்கூட இல்லை. 1955-இல் புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்குக்கு அமெரிக்காவின் குகன்ஹைம் நல்கை கிடைத்தது. அடுத்த ஆண்டும் அது புதுப்பிக்கப்பட்டது. அமெரிக்கா முழுவதும் சுற்றி அவர் எடுத்தது 767 ரோல், 27,000-க்கும் மேற்பட்ட ஃபிரேம்கள். அவற்றிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் சிறு பிரிண்ட் போட்டுச் சுவரில் வைத்து, மாற்றி மாற்றி அடுக்கிக் கடைசியில் நூலில் வைத்தவை 83. அந்த நூல் 1958-இல் பாரிஸிலும் 1959-இல் அமெரிக்காவிலும் வெளிவந்தது. நல்கை தொடங்கி நூல் வெளிவர மூன்று ஆண்டுகள். ஒன்பதாம் மாதத்தில் அவரிடம் கண்காட்சி கேட்டிருந்தால் அந்த 83 படங்கள் அமைந்திருக்காது.

படத்தை எடுத்தபோது பட்ட பாடு கொஞ்ச காலத்துக்கு அந்தப் படத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மலையேறி, மழையில் காத்திருந்து எடுத்த படம் சுமாராக இருந்தாலும் எடுத்தவர் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். வழியில் போகிறபோக்கில் எடுத்த நல்ல படம் கண்ணில் படாமல் போகும். அந்த நினைவு உதிர்ந்த பிறகுதான் படம் படமாகத் தெரியும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கேரி வினோகிராண்ட் தாம் எடுத்த ரோல்களை உடனே கழுவாமல் நீண்ட காலம் தள்ளிவைத்ததற்குச் சொன்ன காரணம் இதுவே. நல்ல தொகுப்பாளரிடம் காட்டினால் இந்தக் காலம் குறையும். ஆனால் தொகுப்பாளரின் கட்டணம் உங்கள் மூன்று தலைப்புகளில் இல்லை.

பிறகு பிரிண்ட். பருத்திக் காகிதத்தில் பிக்மென்ட் இங்க்ஜெட் பிரிண்ட் என்றால் பொத்தானை அழுத்தினால் வந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. திரையின் பிரகாசம் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா என்ற அளவைத் தாண்டினால் பிரிண்ட் இருண்டே வரும். கடையிலிருந்து வந்தபடியே வைத்திருக்கும் திரைகள் அதைவிட இரு மடங்கு பிரகாசமாக இருக்கும். அதைப் பார்த்துச் சரிசெய்த நிழல் பகுதியெல்லாம் காகிதத்தில் கரிக்கட்டையாகிவிடும். அந்தக் காகிதத்தில் வண்ணம் எப்படி விழும் என்று பிரிண்டருக்குச் சொல்லும் புரொஃபைல் கோப்பு வேண்டும். முழு அளவில் போடுவதற்கு முன் முகம், ஆழ்ந்த நிழல், வானம் என முக்கியமான பகுதிகளில் கைநீளத் துண்டுகளாக டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டு, பகல் வெளிச்சத்தை ஒத்த 5,000 கெல்வின் விளக்கொளியில் பார்க்க வேண்டும். பிரிண்டர் சில நாள் சும்மா இருந்தால் மை தெளிக்கும் துளையான நாசில் அடைத்துக்கொள்ளும். மெல்லிய கோடுகள் விழுவது முழு பிரிண்ட் வந்த பிறகுதான் தெரியும். போடும் காகிதத்தில் மூன்றில் ஒரு பங்கு சோதனைக்கும் கழிவுக்கும் போகும் என்று வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

வந்த பிரிண்டை உடனே ஃபிரேம் போடக் கூடாது. குறைந்தது ஒரு நாள் காய விட வேண்டும். இல்லையென்றால் மையிலிருந்து வெளியேறும் ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் மூட்டமாகப் படியும். பிரிண்டுக்கும் கண்ணாடிக்கும் இடையில் மவுண்ட் அட்டையோ, சில மில்லிமீட்டர் தடிப்புள்ள சட்டமோ இருந்தே தீர வேண்டும். தொட்டுக்கொண்டிருந்தால் ஈரக் காற்றில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கவே முடியாது. அமிலமற்ற அட்டை கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும். கெடு நெருங்கினால் முதலில் கைவிடப்படுவது அந்த அட்டைதான். சில ஆண்டுகளில் படத்தின் ஓரம் மஞ்சளாகும்போது கண்காட்சியை நடத்தியவர்கள் யாரும் பக்கத்தில் இருக்கமாட்டார்கள்.

இருட்டறையில் ஃபைபர் காகிதத்தில் கறுப்பு வெள்ளை போடுபவர்களுக்கு இன்னும் கூடுதல் நாள் ஆகும். இரண்டு தட்டில் படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ, அதைக் காகிதத்திலிருந்து விரைவாக நீக்க உதவும் வாஷ் எய்டு, அதன் பின் ஓடும் நீரில் கழுவல். வாஷ் எய்டு இல்லாமல் கழுவினால் ஒரு மணி நேரம்கூட ஆகும். ஈரத்தில் பளிச்சென்று இருக்கும் வெள்ளைப் பகுதி காய்ந்தபின் ஒரு சாயல் இறங்கும். அதை முன்கூட்டியே கணித்து எக்ஸ்போஷரைக் குறைக்க வேண்டும். கணிப்புச் சரிதானா என்று மறுநாள் காலைதான் தெரியும். நல்ல கைக்கே ஒரு நாளில் இறுதிப் பிரிண்ட் ஒன்றிரண்டு நெகட்டிவுக்குமேல் வராது. 25 படங்களுக்கு எத்தனை நாள் என்று நீங்களே பாருங்கள்.

கண்காட்சி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவோம். ஃபிரேமுக்கு மூன்று வாரம், பிரிண்டுக்கு நான்கு, இறுதி ஸ்கேனுக்கும் சுத்தம் செய்யவும் இரண்டு, தேர்வுக்கும் அடுக்குவதற்கும் குறைந்தபட்சம் ஐந்து. மொத்தம் 14 வாரம். ஒன்பது மாதம் 39 வாரம். மிச்சம் 25. அதில் தொடக்கத்தின் பத்து வாரம் கழிந்தால் 15 வாரம். உங்கள் புதிய விதி ஒரு கலைஞருக்குத் தரும் உண்மையான காலம் இவ்வளவுதான். இதன் விளைவு என்ன ஆகும் என்று இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஏற்கெனவே பாதி முடித்த வேலையைப் புதியது என்று எழுதி விண்ணப்பிப்பார்கள். உண்மையிலேயே புதியதைத் தேடுபவர் விண்ணப்பிக்கவே மாட்டார். உங்கள் நல்கை யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவருக்கு அது எட்டாது.

பணம் தரும் முறையும் இதே தவற்றைத்தான் செய்கிறது. கண்காட்சிக்கான பிரிண்ட், ஃபிரேம், பெட்டி, போக்குவரத்து, காப்பீடு எல்லாம் கண்காட்சிக்கு முந்திய இரண்டு மாதத்தில் வரும் செலவு. பல நேரங்களில் பிரிண்டைவிட ஃபிரேமுக்கே அதிகம் ஆகும். அந்த நேரத்தில் 40 விழுக்காட்டை நீங்கள் பிடித்துவைத்தால், கலைஞர் கடன் வாங்கி உங்கள் கண்காட்சியை நடத்துகிறார் என்றாகிறது.

வாழ்க்கைச் செலவை ஏற்கமாட்டோம் என்பது இன்னும் கடுமை. நடுக்காலக் கலைஞர் நிகழ்ச்சி வேலை, பத்திரிகை வேலை, விளம்பர வேலை, வகுப்பு எடுப்பது என்று ஓடிக்கொண்டிருப்பவர். புதிய பணிக்கு நாள் ஒதுக்க வேண்டுமென்றால் அந்த வேலைகளை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வாடகையும் பிள்ளைகளின் படிப்பும் நிற்காது. அவருக்குத் தேவைப்படுவது, வேண்டாம் என்று சொல்லக்கூடிய நாட்கள். கேமரா அவரிடம் இருக்கிறது. கருவிக்கு மட்டும் பணம் தருவோம் என்றால் தேவையில்லாத புது கேமரா வாங்கத் தூண்டுகிறீர்கள். அதைப் பழகவே இரண்டு மாதம் போகும். இருக்கும் கேமராவுக்கு வேண்டியது பழுது பார்ப்பு. பழைய மெக்கானிக்கல் ஷட்டரில் 1/500 என்று வைத்தால் 1/250 அளவுக்கே ஓடும். கேமரா முதுகின் பஞ்சு இளகிப் பிசுபிசுத்து வெளிச்சம் கசியும். லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையில் உள்ள மடிப்புத் துருத்தியான பெல்லோஸின் மூலையில் ஊசித்துளை விழும், இருட்டில் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். ஈரக் காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். இவற்றைச் சரிசெய்த ரசீதை உங்கள் படிவம் ஏற்காது.

இரண்டு ஆண்டுக்குள் எடுத்த படம் என்ற விதியால் அடிபடுபவர்கள் யாரென்று எண்ணிப் பார்த்தீர்களா? குழந்தை பெற்றவர்கள், பெற்றோரின் நோய்க்காகப் பக்கத்தில் இருந்தவர்கள், ஒப்பந்தப்படி வெளியே காட்ட முடியாத வேலையைச் செய்து வீட்டை நடத்தியவர்கள். தொழிலின் நடுவில் இந்த இடைவெளி பெரும்பாலோருக்கு வருகிறது. அதைத் தாண்டித் திரும்பி வரத்தான் இப்படியொரு நல்கை தேவை. தேர்வு முறையைப் பற்றியும் ஒன்று. 600 விண்ணப்பம் வந்தால் 12,000 படங்கள். ஒரு படத்துக்கு ஐந்து நொடி கொடுத்தாலும் 16 மணி 40 நிமிடம். அதுவும் நீள்பக்கம் 1,920 பிக்சலுக்குச் சுருக்கிய ஜேபெக். திரையில் பளிச்சிடும் படம் முந்திக்கொள்ளும். பெரிய பிரிண்டில் அருகே நின்று பார்க்க வேண்டிய படம், மெல்லிய சாம்பல் நிறங்களில் பேசும் படம், வரிசையில் வைத்தால் மட்டுமே அர்த்தமாகும் படம் எல்லாம் பின்தங்கிவிடும்.

வயது வரம்புக்கு ஒரே பதில் போதும். குகன்ஹைம் நல்கை பெற்ற முதல் புகைப்படக் கலைஞர் எட்வர்டு வெஸ்டன். ஆண்டு 1937. அவர் பிறந்தது 1886-இல். உங்கள் விதியில் அவருக்கு விண்ணப்பப் படிவமே கிடைத்திருக்காது. அடுத்த ஆண்டு அவருடைய நல்கை நீட்டிக்கப்பட்டபோது, முதல் ஆண்டில் எடுத்த நெகட்டிவ்களைப் பிரிண்ட் போடுவதிலேயே பெரும்பகுதி கழிந்தது. பிரிண்டுக்கென்று ஓர் ஆண்டு தேவைப்படும் என்பதை நல்கை கொடுத்தவர்கள் அப்போதே ஏற்றுக்கொண்டார்கள்.

எல்லாக் கோப்புகளையும் கேட்கும் விதிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கேமராவுக்கு முன் நின்றவர்கள் ஒரு குறிப்பிட்ட பணிக்காகக் கலைஞரிடம் சம்மதம் தந்தவர்கள். தேர்வில் ஒதுக்கிய படங்களை யாரோ எப்போதோ எதற்கோ பயன்படுத்துவதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. அந்தச் சம்மதத்தை உங்களுக்கு மாற்றித் தரக் கலைஞருக்கு அதிகாரம் கிடையாது.

எங்கள் கோரிக்கைகள் இவை. நல்கைக் காலத்தைக் குறைந்தது 18 மாதமாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். பருவம் சார்ந்த பணிகளுக்கு 24 மாதம் வரை நீட்டிக்க வழி வையுங்கள், அந்த நீட்டிப்பைப் பாதி வழியிலேயே கேட்கும் உரிமையையும் கொடுங்கள். முடிவில் கண்காட்சியைக் கட்டாயமாக்காமல், நாற்பது சிறு பிரிண்ட் கொண்ட வரிசையையோ கையால் செய்த நூல் மாதிரியையோ ஏற்றுக்கொள்ளுங்கள். கண்காட்சி வேண்டுமென்றால் அதற்குத் தனி நிதியும் கூடுதலாக ஆறு மாதமும் ஒதுக்குங்கள். எழுதிக்கொடுத்த திட்டம் வழியில் மாறினால் அதைக் குற்றமாகப் பார்க்காமல், ஒன்பதாம் மாதத்தில் ஒரு சந்திப்பு வைத்து எடுத்த படங்களைப் பாருங்கள்.

தொகையில் 60 விழுக்காட்டைத் தொடக்கத்திலும், 30 விழுக்காட்டைப் பாதி வழியிலும், 10 விழுக்காட்டை அறிக்கைக்குப் பிறகும் கொடுங்கள். குறைந்தது பாதித் தொகையை ரசீது கேட்காத வாழ்க்கைச் செலவாக ஒதுக்குங்கள். பழுது பார்ப்பு, ஸ்கேன், சேமிப்பு, தொகுப்பாளர் கட்டணம், உதவியாளர் சம்பளம், படத்தில் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் பிரிண்ட் ஆகியவற்றைச் செலவுத் தலைப்புகளில் சேருங்கள்.

வயது வரம்பை நீக்குங்கள். முந்தைய பணிக்கான கால எல்லையைப் பத்து ஆண்டாக்குங்கள். முதல் சுற்றில் திரையில் பார்த்துத் தேர்ந்த முப்பது பேரிடமாவது இரண்டாம் சுற்றில் பிரிண்ட்களை வரவழைத்து மேசையில் வைத்துப் பாருங்கள், அனுப்பும் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். கோப்புகளைக் கேட்பதை விட்டுவிடுங்கள். கலைஞர் தேர்ந்து தரும் ஐந்து படங்களை, 2,000 பிக்சலுக்கு மிகாத அளவில், நல்கை பற்றிய அறிவிப்புக்கு மட்டும், மூன்று ஆண்டுக்குப் பயன்படுத்தும் உரிமை உங்களுக்குப் போதும்.

இந்தச் சுற்றுக்கான விண்ணப்பம் திறப்பதற்கு முன் திருத்திய விதிகளை வெளியிடுங்கள். இவற்றில் எதை ஏற்கவில்லையோ, அதற்கான காரணத்தையும் அதே அறிவிப்பில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
படம் எடுப்பவர்களும் பிரிண்ட் போடுபவர்களும் தொகுப்பவர்களும்